கரிம உலோக வேதியியல் கட்டுரைகளும் மேற்கோள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. வேதியியல் படிப்பவர்களும், பி.எச்டி.க்குப் பதிவு செய்தவர்களும், புதிதாகப் பாடம் எடுக்க வந்தவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு வேதியியலாளரின் கட்டுரைப் பட்டியலை எப்படிப் படிப்பது, அதிலுள்ள எண்களை எவ்வளவு நம்புவது? கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். முதல் கேள்வியிலிருந்து வாசித்தால் பின்னால் வருபவை எளிதாகப் புரியும்.

ஷிஃப் பேஸ் வச்சு காப்பர் காம்ப்ளெக்ஸ் செய்யுறோம். அது ஆர்கனோமெட்டாலிக்தானே?

இல்லை. உலோகத்துக்கும் கார்பனுக்கும் நேரடிப் பிணைப்பு இருந்தால்தான் அது கரிம உலோகச் சேர்மம். ஷிஃப் பேஸ் (கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்புள்ள கரிமப் பொருள்) காம்ப்ளெக்ஸில் தாமிரம் நைட்ரஜனோடும் ஆக்சிஜனோடும் பிணைந்திருக்கிறது. லிகண்ட், அதாவது உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு, கரிமப் பொருள் என்பதால் மட்டும் காம்ப்ளெக்ஸ் கரிம உலோகமாகிவிடாது. அது அணைவு வேதியியல். ஃபெரோசீன், கிரிக்னார்டு வினைப்பொருள், உலோகக் கார்பனைல்கள், என்-ஹெட்டிரோசைக்ளிக் கார்பீன் காம்ப்ளெக்ஸ்கள் ஆகியவை கரிம உலோகச் சேர்மங்கள். அதே ஷிஃப் பேஸில் பல்லேடியம் ஒரு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைத்து வளையமாகிவிட்டால் அதுவும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடும்.

இந்த வேறுபாடு தெரியாமல் கட்டுரை அனுப்பினால் காலம்தான் வீணாகும். அமெரிக்க வேதியியல் சங்கம் 1982 முதல் நடத்தும் ஆர்கனோமெட்டாலிக்ஸ், 1963இல் தொடங்கிய ஜர்னல் ஆஃப் ஆர்கனோமெட்டாலிக் கெமிஸ்ட்ரி போன்ற இதழ்களுக்குச் சாதாரண ஷிஃப் பேஸ் காம்ப்ளெக்ஸை அனுப்பினால், எங்கள் எல்லைக்குள் வரவில்லை என்று பதிப்பாசிரியரே திருப்பிவிடுவார். பாலிஹெட்ரான், இனார்கானிகா கிமிகா ஆக்டா, டால்டன் டிரான்சாக்ஷன்ஸ் போன்றவை அதற்கு ஏற்ற இடங்கள்.

கூகுள் ஸ்காலர்ல 900 சைட்டேஷன் காட்டுது, ஸ்கோபஸ்ல 600தான் இருக்கு. எது சரி?

இரண்டுமே சரிதான், எண்ணும் பரப்பு வேறு. ஒரு கட்டுரையைப் பின்னால் வந்த இன்னொரு கட்டுரை தன் குறிப்புப் பட்டியலில் சேர்த்தால் அது ஒரு மேற்கோள். கூகுள் ஸ்காலர் இணையத்தில் கிடைக்கும் ஆய்வேடு, கருத்தரங்கத் தொகுப்பு, முன்பதிப்பு எல்லாவற்றிலிருந்தும் மேற்கோள்களைப் பொறுக்கி எடுக்கும். ஒரே கட்டுரையை இரண்டு பதிவாக எண்ணுவதும் உண்டு. மேற்கோள் தரவுத்தளங்களான ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயன்ஸும் தாங்கள் தேர்ந்த இதழ்களுக்குள் மட்டும் எண்ணும்.

பழைய வேதியியலாளர் என்றால் இன்னொன்றையும் கவனிக்கணும். ஸ்கோபஸில் குறிப்புப் பட்டியல்கள் 1970இலிருந்துதான் தொடங்குகின்றன. 1950களில் எழுதிய ஒருவருக்கு அடுத்த இருபது ஆண்டில் கிடைத்த மேற்கோள்கள் அங்கே இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு வெப் ஆஃப் சயன்ஸ் பார்ப்பதே முறை. எந்த எண்ணை எழுதினாலும் எந்தத் தளம், எந்தத் தேதி என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். அது இல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

எச்-இண்டெக்ஸ் எப்பிடி கணக்கு பண்ணணும்?

இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த அளவு இது. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்கு வரிசையில் அடுக்குங்கள். தன் வரிசை எண்ணுக்குக் குறையாத மேற்கோள் உள்ள கடைசிக் கட்டுரையின் வரிசை எண்தான் எச்-இண்டெக்ஸ். ஒருவருக்கு ஏழு கட்டுரைகள், மேற்கோள்கள் 41, 18, 9, 6, 5, 3, 0 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு 5 இருக்கிறது, ஆறாவதுக்கு 3தான். ஆகவே எச்-இண்டெக்ஸ் 5. குறைந்தது 10 மேற்கோள் பெற்றவை இரண்டு என்பதால், கூகுள் ஸ்காலர் காட்டும் ஐ10-இண்டெக்ஸ் 2.

இதன் குறையையும் இதே கணக்கில் பார்க்கலாம். முதல் கட்டுரையின் 41ஐ 4,100 ஆக்கிப் பாருங்கள். எச்-இண்டெக்ஸ் அப்போதும் 5தான். ஒரே ஒரு பெரிய கண்டுபிடிப்பு செய்தவரை இந்த எண் காட்டாது. வயதோடு ஏறும், இறங்கவே இறங்காது. பணி ஓய்வு பெற்றவரையும் நேற்றுச் சேர்ந்தவரையும் இதை வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை.

அப்போ எவ்வளவு எச்-இண்டெக்ஸ் இருந்தா நல்ல ஆளுன்னு சொல்லலாம்?

அப்படி ஒரு எல்லைக்கோடு கிடையாது. நானோ பொருள், மின்கலம் பற்றி எழுதுகிறவர்கள் எண்ணிக்கை மிகப் பெரிது, அங்கே மேற்கோள் குவியும். காற்றுப்பட்டால் கெடும் ஒரு டைட்டானியம் ஆல்கைலைப் பற்றி எழுதும் குழுக்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான். கண்ணாடிக் குழாய் இணைப்பு ஒவ்வொன்றையும் ஆர்கானில் வைத்து, கரைப்பானை சோடியம்-பென்சோபினோன் போட்டு நீல நிறம் வரும்வரை காய்ச்சி, ஒரு சேர்மத்தைத் தனிமைப்படுத்தவே வாரங்கள் போய்விடும். கட்டுரை எண்ணிக்கை இயல்பாகவே குறையும்.

ஸ்கோபஸில் துறைச் சராசரிக்குச் சரிசெய்த ஒரு அளவு உண்டு, எஃப்டபிள்யூசிஐ என்பார்கள். அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரியை 1 என்று வைத்து ஒப்பிடும். ஒப்பிட்டே ஆகவேண்டிய இடத்தில் எச்-இண்டெக்ஸைவிட இது நியாயமானது. ஆனால் பத்துப் பதினைந்து கட்டுரைகள் மட்டும் உள்ளவருக்கு ஒரே ஒரு மறுஆய்வுக் கட்டுரை இந்த எண்ணைத் தூக்கிவிடும். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

ரிவ்யூ ஆர்ட்டிக்கிளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சைட்டேஷன்?

முன்னுரை எழுதும்போது பத்து மூலக்கட்டுரைகளைக் குறிப்பதைவிட ஒரு மறுஆய்வைக் குறிப்பது எளிது என்பதால்தான். மியாவுரா, யமாடா, சுசூகி மூவரும் போரான் சேர்மங்களை பல்லேடியம் கொண்டு இணைக்கும் வினையை வெளியிட்டது 1979இல். மியாவுராவும் சுசூகியும் 1995இல் கெமிக்கல் ரிவ்யூஸ் இதழில் எழுதிய மறுஆய்வுதான் மூலக்கட்டுரையைவிட மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுகிறது. 2010 நோபல் பரிசு கிடைத்தது வினைக்கு. ஒருவரின் பட்டியலைப் பார்க்கும்போது மறுஆய்வுகளைத் தனியாகப் பிரித்துவிட்டு மூலக்கட்டுரைகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். படம் பல நேரம் மாறிவிடும்.

இனிஷியல் மாறினதால என் பேப்பர் வேற ஒருத்தர் பேர்ல கிடக்கு. என்ன செய்ய?

நம் பக்கம் இது ரொம்பச் சகஜம். ஒரு கட்டுரையில் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால், அடுத்ததில் பின்னால், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் முதலெழுத்து, பாஸ்போர்ட் எடுத்தபின் முழுப்பெயர். தளங்கள் இவற்றை நான்கு ஆட்களாகப் பிரித்துவிடும். மாறாக, எஸ். குமார் என்று மட்டும் இருந்தால் நூறு பேரை ஒருவராகச் சேர்த்துவிடும்.

முதல் கட்டுரை அனுப்பும் முன்பே ஆய்வாளருக்கான அடையாள எண்ணான ஆர்க்கிட் எண் வாங்கிவிடுங்கள். இலவசம், 16 இலக்கம், பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. கல்லூரி மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் அதில் சேர்த்து வையுங்கள், கல்லூரி மாறினாலும் உள்ளே நுழைய முடியும். ஏற்கெனவே பிரிந்து கிடப்பதைச் சேர்க்க ஸ்கோபஸ் தளத்திலேயே ஆசிரியர் விவரத் திருத்தக் கோரிக்கை உண்டு, காசு கிடையாது. கூகுள் ஸ்காலரில் உங்கள் பக்கத்தில் தானாகச் சேரும் வசதியை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றையும் நீங்களே ஒப்புதல் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றவர் கட்டுரை உங்கள் கணக்கில் இருந்தால், நேர்காணலில் கேள்வி உங்களிடம்தான் வரும்.

இம்பாக்ட் ஃபேக்டர் 3ன்னா என் பேப்பருக்கு 3 சைட்டேஷன் உறுதியா?

உறுதி இல்லை. அது இதழின் சராசரி. ஒரு இதழ் 2023இலும் 2024இலும் தலா 200 கட்டுரை வெளியிட்டது, அந்த 400க்கும் 2025இல் 1,200 மேற்கோள் வந்தது என்றால் 2025க்கான இம்பாக்ட் ஃபேக்டர் 3. சில கட்டுரைகள் நிறைய வாங்கி மேலே இழுத்திருக்கும், பாதிக்கு மேல் 3ஐத் தொடாமலும் இருக்கலாம். ஆளையோ தனிக் கட்டுரையையோ இதைக் கொண்டு எடைபோடக் கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா அறிக்கை தெளிவாகவே சொல்கிறது.

இந்த எண்ணை ஆண்டுதோறும் வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம். அதுபோலவே தொனிக்கும் பெயர்களில் போலி எண் விற்கும் தளங்கள் இருக்கின்றன. இதழின் முகப்பில் எண் இருக்கிறதே என்று நம்பவேண்டாம்.

யுஜிசி கேர் லிஸ்ட் இப்போ இல்லைன்னு சொல்றாங்க. பின்ன நல்ல ஜர்னலை எப்பிடி கண்டுபிடிக்க?

ஏற்கத்தக்க இதழ்களின் அந்தப் பட்டியலை பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது உண்மை. இதழைத் தேரும் பொறுப்பு இப்போது கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஆய்வாளருக்கும் வந்துவிட்டது.

முதலில் ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியல் பக்கத்துக்குப் போங்கள். சந்தா இல்லாமலே திறக்கும். அங்கே இதழின் பெயரை வைத்துத் தேடாமல், இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் எண்ணை வைத்துத் தேடுங்கள். எந்த ஆண்டுவரை சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள், இடையில் நிறுத்தப்பட்ட இதழ் என்றால் அதிலேயே தெரியும். பிறகு அந்த இதழின் தளத்தைக் கூகுளில் தேடாமல், பதிப்பகத்தின் தளம் வழியாகப் போங்கள். நல்ல இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்திக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், பெயரும் எண்ணும் அப்படியே இருக்கும். கடைசியாக, அதில் வந்த ஐந்தாறு கட்டுரைகளைத் திறந்து வாசியுங்கள். வேதியியலும் நிர்வாகவியலும் ஒரே இதழில் கலந்து கிடந்தால், மூன்று நாளில் ஏற்பு என்றால், விலகிவிடுங்கள்.

காசு கொடுத்தால்தான் நல்ல இதழ் என்று நினைப்பவர்கள் நிறைய. மேலே சொன்ன கரிம உலோக, கனிம வேதியியல் இதழ்கள் எல்லாவற்றிலும் சந்தா வழியில் வெளியிட ஆசிரியர் கட்டணம் தேவையில்லை. எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடத்தான் பெரிய தொகை. படிவத்தில் எந்தக் கட்டத்தை டிக் செய்கிறோம் என்று பார்த்துச் செய்தால் போதும். பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமியின் ஜர்னல் ஆஃப் கெமிக்கல் சயன்சஸ் இதழும் முதல் கட்டுரைக்கு நல்ல இடம்.

பி.எச்டி. தீசிஸ் கொடுக்க பேப்பர் கட்டாயமா?

2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிகள் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. ஆனால் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்துக்கொள்ளலாம். நம் மாவட்டக் கல்லூரிகள் பெரும்பாலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்கு எந்த விதி பொருந்தும் என்பதை ஆய்வுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முந்தைய பேட்ச் சொன்னதை நம்பி இருக்கவேண்டாம்.

ரெஃபரிக்குப் போறதுக்கு முன்னாலயே ரிஜெக்ட் ஆகுது. டேட்டால என்ன குறை?

முதல் கேள்வியில் சொன்ன எல்லைப் பிரச்சினை இல்லையென்றால், பெரும்பாலும் தூய்மைக்கான சான்று போதாது. புதிய கரிம உலோகச் சேர்மத்துக்கு புரோட்டான், கார்பன் என்எம்ஆர் (அணுக்காந்த ஒத்ததிர்வு), தனிம ஆய்வு அல்லது உயர்பிரிதிறன் நிறை நிறமாலை, முடிந்தால் ஒற்றைப்படிக எக்ஸ்-கதிர் அமைப்பு என்று எல்லாம் கேட்பார்கள். தனிம ஆய்வில் கணக்கிட்ட மதிப்புக்கும் கிடைத்ததுக்கும் ±0.4 சதவீதத்துக்குள் வேறுபாடு இருக்கவேண்டும் என்பது நெடுநாள் வழக்கம்.

அந்த 0.4 எங்கே தவறுகிறது என்று பாருங்கள். ஃபெரோசீனில் கார்பன் 64.56 சதவீதம். பத்து மூலக்கூறுக்கு ஒரு டைக்குளோரோமீத்தேன் படிகத்தில் ஒட்டிக்கிடந்தால் அது 62.4க்கு இறங்கிவிடும். கருவி சரியில்லை என்று பழி போடுவோம், ஆனால் காரணம் கரைப்பான். வெற்றிடத்தில் நன்றாக உலர்த்தணும். ஃபெரோசீன் போலப் பதங்கமாகும் பொருளென்றால் வெற்றிடத்தில் பொருளே பறந்து குழாயில் போய் ஒட்டும், அதற்கு ஹெக்சேனில் திரும்பப் படிகமாக்கி, காற்றில் உலரவிடுவதே மேல். உலர்த்தியும் கரைப்பான் போகவில்லையா? என்எம்ஆரில் 5.30 பிபிஎம் பக்கத்தில் டைக்குளோரோமீத்தேன் குறியைத் தொகையிட்டு, அந்த அளவையும் சேர்த்தே கணக்கிட்டு வெளிப்படையாக எழுதுங்கள். ஏற்றுக்கொள்வார்கள்.

என்எம்ஆரில் இன்னொரு தொந்தரவு. ஃபெரோசீன் வகைச் சேர்மத்தில் கொஞ்சம் ஆக்சிஜனேற்றம் நடந்து ஃபெரோசீனியம் வந்துவிட்டால், அது பாராகாந்தத் தன்மை உள்ளது, கூர்மையான குறிகள் எல்லாம் அகன்று மழுங்கிவிடும். கரைசலில் லேசாகப் பச்சை தட்டியிருக்கும். சிறிய அலுமினா அடுக்கில் வடித்து, உடனே எடுத்தால் சரியாகும். கடற்கரை ஈரக்காற்றில் கேபிஆர் (பொட்டாசியம் புரோமைடு) வில்லை தண்ணீர் குடித்து அகச்சிவப்பு நிறமாலையில் 3,400 செ.மீ⁻¹ பக்கத்தில் பெரிய பட்டை காட்டும், அதை ஹைட்ராக்சில் தொகுதி என்று எழுதித் திரும்பி வந்த கட்டுரைகள் கொஞ்சமல்ல. கேபிஆரை 110 டிகிரியில் உலர்த்தி, டெசிகேட்டரில் வைத்துப் பயன்படுத்துங்கள்.

சிங்கிள் கிரிஸ்டல் எடுக்க இங்க வசதி இல்லையே, எங்க அனுப்ப?

பக்கத்தில் திருவனந்தபுரம் பாப்பனம்கோட்டில் சிஎஸ்ஐஆரின் என்ஐஐஎஸ்டி, கொச்சிப் பல்கலைக்கழக வளாகத்தில் எஸ்டிஐசி, சென்னை ஐஐடியில் சைஃப் என்று கருவி மையங்கள் உண்டு. முன்பதிவு, கைடின் கையெழுத்து, கட்டணம் மூன்றும் வேண்டும்.

படிகத்தை உலர்த்தி அனுப்பாதீர்கள். வடிகட்டிய உடனே உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேறி, கண்ணாடி போல இருந்தது வெள்ளைப் பொடியாகும். சிறு வயலில் தாய்க்கரைசலோடே, படிகம் மூழ்கியபடி, மூடியைச் சுற்றி பாராஃபிலிம் போட்டு அனுப்புங்கள். எந்தப் பக்கமும் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அமைப்பு கிடைத்ததும் படிக அமைப்பு விவரம் உள்ள சிஃப் கோப்பை செக்சிஃப் தளத்தில் ஏற்றிச் சரிபார்க்கணும். ஏ வகை எச்சரிக்கை வந்தால் திருத்துங்கள், திருத்த முடியாதென்றால் காரணம் எழுதுங்கள். பிறகு 1965இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய படிக அமைப்புத் தரவுத்தொகுப்பில் (சிசிடிசி) சேர்த்து, எண் வாங்கிக் கட்டுரையில் போடுங்கள். இந்த எண் மேற்கோளுக்கும் உதவும்: உங்கள் தலைப்பையே தேடாத ஒருவர் பிணைப்பு நீளம் தேடி அந்தத் தொகுப்பு வழியாக உங்களிடம் வருவார்.

நம்ம ஊர் மணல்ல மோனசைட் இருக்கே, அதை வச்சு செய்தா சைட்டேஷன் வருமா?

மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், சிர்க்கான், மோனசைட் எல்லாம் உண்டு, ஐஆர்இஎல் நிறுவனம் பிரித்தெடுக்கிறது. மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அது அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள கனிமம். கடற்கரையிலிருந்து அள்ளி ஆய்வகத்துக்குக் கொண்டுவரக் கூடாது.

லாந்தனைடு கரிம உலோகச் சேர்மங்களுக்கு மூலப்பொருள் தடையாக இருப்பதில்லை. வில்கின்சனும் பர்மிங்காமும் 1954இலேயே லாந்தனைடுகளின் சைக்ளோபென்டாடையீனைல் சேர்மங்களைச் செய்துவிட்டார்கள். அவை காற்றும் ஈரமும் தாங்காது, குளோவ் பாக்ஸ் இல்லாமல் கைவைக்க முடியாது. டைட்டானியம் வேறு கதை. இல்மனைட்டிலிருந்து வரும் டைட்டானியம் டெட்ராகுளோரைடும் ஒரு அலுமினியம் ஆல்கைலும் சேர்ந்தால் சீக்லர்-நாட்டா வினையூக்கி. அது ஐசோப்ரீனை சிஸ் அமைப்பிலேயே கோக்கும், குலசேகரம் தோட்டத்து ரப்பர் பாலில் இருப்பதும் அதே சிஸ் பாலிஐசோப்ரீன்தான். மாணவருக்குப் பாடம் சொல்ல இதைவிட நல்ல இணைப்பு கிடைக்காது. ஆனால் ஊர்ப்பெயரைத் தலைப்பில் போடுவதால் மேற்கோள் வராது. நீங்கள் தரும் அளவீட்டை வேறொருவர் பயன்படுத்த முடிந்தால் வரும்.

அதிக சைட்டேஷன் உள்ள பேப்பர்னா அது சரியான பேப்பர்தானே?

இந்தத் துறையில் இதற்கு நேரெதிர் சான்றுகள் உண்டு. 2003இல் லெட்பீட்டர் குழு, உலோகமே இல்லாமல் சுசூகி வினை நடக்கிறது என்று வெளியிட்டது. பெரிய பரபரப்பு. 2005இல் அதே குழுவே மீண்டும் சோதித்து, பயன்படுத்திய சோடியம் கார்பனேட்டில் நூறு கோடியில் 50 பங்கு அளவு பல்லேடியம் கலந்திருந்ததையும், அதுவே வினையை நடத்தப் போதுமானது என்பதையும் எழுதியது. ஃபெரிக் குளோரைடு வினையூக்கும் என்று சொன்ன சில இணைப்பு வினைகளிலும் தாமிர மாசுதான் வேலை செய்தது என்று 2009இல் புக்வால்டும் போல்மும் சேர்ந்து காட்டினார்கள். அந்த வினையை முன்வைத்தவர்களில் போல்மும் ஒருவர். தன் முடிவைத் தானே சோதித்துத் திருத்துவது பெரிய நேர்மை, மேற்கோள் எண்ணில் அது தெரியாது.

ஆகவே வினையூக்கிக் கட்டுரை எழுதினால் வினையூக்கி போடாத வெற்றுச் சோதனையும், வேறு நிறுவனத்தின் உப்பை வைத்து ஒரு சோதனையும், புதிய குடுவையும் புதிய கிளறியும் வைத்து ஒரு சோதனையும் கட்டாயம் செய்யுங்கள். பழைய காந்தக் கிளறியின் டெஃப்லானில் ஒட்டிய பல்லேடியமே போதும், முடிவைக் கெடுத்துவிடும். மிகச் சிறிய உலோக மாசையும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் அளவீடும் சேர்த்தால் நடுவர் வாய் திறக்கமாட்டார்.

அப்போ சைட்டேஷன் குறைஞ்சா அது சாதாரண பேப்பரா?

அதுவும் இல்லை. கீலியும் பாசனும் 1951 டிசம்பரில் நேச்சர் இதழில் ஃபெரோசீனை அறிவித்தார்கள். அவர்கள் வரைந்த அமைப்பு தவறு: இரும்பு இரண்டு வளையங்களோடும் தலா ஒரு ஒற்றைப் பிணைப்பில் நிற்பதாக எழுதினார்கள். 1952இல் வில்கின்சன், ரோசன்ப்ளம், வைட்டிங், உட்வர்ட் ஒருபுறமும், ஃபிஷர் குழு மறுபுறமும் இரண்டு வளையங்களுக்கு நடுவே இரும்பு அமர்ந்த அமைப்பைக் கண்டார்கள். வில்கின்சனுக்கும் ஃபிஷருக்கும் 1973 நோபல் பரிசு. இன்றைக்கு நீரில்லாக் கரைப்பானில் மின்வேதியியல் அளவீடு செய்கிறவர்கள் பலர் ஃபெரோசீனை ஒப்பளவாக வைக்கிறார்கள், ஆனால் அவர்கள் 1951 கட்டுரையைக் குறிப்பது குறைவு. கண்டுபிடிப்பு பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டால் மேற்கோள் குறைந்துவிடும். பட்டியலைப் பார்ப்பவருக்கு இது தெரிந்திருக்கவேண்டும்.

எங்க டிபார்ட்மெண்ட் சாரோட பேர் ஸ்டான்ஃபோர்டு 2% லிஸ்ட்ல வந்திருக்கு. அது பெரிய விஷயமா?

மதிக்கத்தக்க விஷயம்தான், ஆனால் அது விருதில்லை. அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவை வைத்து ஆண்டுதோறும் கணக்கிடும் பட்டியல் அது. வாழ்நாள் பட்டியல் ஒன்று, ஓராண்டுப் பட்டியல் ஒன்று. இரண்டும் வேறு என்பதைச் செய்தி எழுதும்போது மறந்துவிடுகிறார்கள்.

கோப்பு எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. தரவரிசை மட்டும் பார்க்காமல் சுயமேற்கோள் சதவீதம் உள்ள பத்தியையும் பாருங்கள். தன் கட்டுரையைத் தானே குறிப்பது தவறில்லை, தொடர் ஆய்வில் தேவையும்கூட. ஆனால் மேற்கோள்களில் பாதி தன்னுடையதே என்றால் கேள்வி எழும். தனியாசிரியர், முதலாசிரியர், கடைசியாசிரியர் நிலைகளுக்கும் அந்தக் கணக்கில் தனி இடம் உண்டு. எங்கள் துறையில் கைடு பெயர் பெரும்பாலும் கடைசியில் நட்சத்திரக் குறியோடு வரும், வேலையைச் செய்தவர் முதலில் வருவார்.

காசு கொடுத்தா ஸ்கோபஸ் பேப்பர்ல பேர் போட்டுத் தாறோம்னு வாட்ஸ்அப்ல வருது. எல்லாரும் செய்யத்தானே செய்யுறாங்க?

செய்யாதீர்கள். இவை கட்டுரை ஆலைகள். ஒரே என்எம்ஆர் வரைபடத்தைப் பல சேர்மங்களுக்கு ஒட்டியிருப்பார்கள், அடிக்கோட்டின் இரைச்சல்கூட ஒன்றுபோலவே இருக்கும். கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் இப்போது பதிப்பகங்களிடம் இருக்கின்றன. கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் அந்த அறிவிப்பு உங்கள் பெயரோடு நிரந்தரமாக இணையத்தில் நிற்கும். வேலைக்கான கோப்பில் அதை மறைக்க வழியில்லை. நேர்மையாகச் செய்த, மேற்கோளே வாங்காத ஒரு கட்டுரை அதைவிடப் பல மடங்கு மேல்.

ஒரு கெமிஸ்ட்டோட 180 பேப்பர் லிஸ்ட் கையில இருக்கு. எங்க தொடங்க?

அவருடைய சமீபத்திய மறுஆய்வு ஒன்றை முதலில் வாசியுங்கள். தான் எதை முக்கியம் என்று நினைக்கிறார் என்று அதில் தெரியும். அதில் அவர் தன்னுடைய எந்த மூலக்கட்டுரைகளைத் திரும்பத் திரும்பக் குறிக்கிறார் என்று பார்த்து, ஐந்தைப் பொறுக்குங்கள். அந்த ஐந்தையும் துணைத்தகவல் கோப்போடு எடுங்கள்.

பிறகு ஒவ்வொன்றையும் மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் பத்தைத் திறந்து, எந்த வாக்கியத்தில் குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முன்னுரையில் பதினைந்து எண்களோடு சேர்த்து ஒரு வரியில் குறித்திருந்தால் அது பேருக்கான மேற்கோள். செய்முறைப் பகுதியில் அவர் தந்த முறைப்படி தயாரித்தோம் என்று எழுதியிருந்தால், வேறொரு நாட்டில் வேறொருவர் கையில் அந்த வினை மறுபடி நடந்திருக்கிறது. அப்படிப்பட்டவற்றைத் தனித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அவற்றில் ஒரு தயாரிப்பை, காற்றுக்குக் கெடாத ஒன்றாகத் தேர்ந்து, அதே அளவுகளில் உங்கள் ஆய்வகத்திலும் செய்து பாருங்கள்.